உரம் தூவும் பொறியைச் சரிபார்த்தல்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

மேலுரம் இட்டுப் பத்து நாட்கள் சென்றபின் வரப்பில் நின்று நெல் வயல்களை நோக்கினால், சில வயல்களில் கரும்பச்சைப் பட்டைகளும் வெளிர் மஞ்சள் பட்டைகளும் மாறி மாறி ஓடுவதைக் காணலாம். அவ்வயல்களுக்குரிய உரம் குறைவாக வாங்கப்பட்டதன்று. மூட்டைக் கணக்கில் பிழை இருந்திராது. பணமும் முழுமையாகச் செலவாகியிருக்கும். எனினும் ஒரு பட்டைக்கு இரு பங்கு சென்றது. அடுத்த பட்டைக்கு அரைப் பங்கும் எட்டவில்லை. வாங்கிய உரம் முழுவதும் வயலுக்குச் சென்றுவிட்டது என்பதும், வயல் முழுவதற்கும் உரம் சென்றது என்பதும் வெவ்வேறு செய்திகள். இவ்வேற்றுமையை விளக்குவதும், உரம் தூவும் பொறியையும் தூவும் கையையும் அளந்து சரிபார்க்கும் முறையைக் கற்பிப்பதுமே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கூட்டுறவுச் சங்கங்களும் வாடகை நிலையங்களும் தோளில் மாட்டிச் சுழற்றும் தூவிகளையும், டிராக்டரில் பூட்டும் பெரிய தூவிகளையும் உறுப்பினர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து வருகின்றன. பொறி வந்துவிட்டதனால் உரம் தானே சமமாக விழும் என்று எண்ணுதல் கூடாது. அளந்து வைத்த பொறி அளவாகத் தூவும். அளவாமல் வைத்த பொறி, கையைவிட விரைவாகத் தவறு செய்யும்.

சமமின்மையால் நேரும் நட்டம்

"ஓரிடத்தில் கூடினாலும் ஓரிடத்தில் குறைந்தாலும் மொத்தத்தில் சரியாகிவிடும்" என்பார் உளர். இது கணக்குக்குப் பொருந்தாது. பயிருக்கு முதலில் கிடைக்கும் சில கிலோ தழைச்சத்து தரும் விளைச்சல் மிகுதி. அதற்கு மேல் இடும் ஒவ்வொரு கிலோவும் முன்னதைவிடச் சிறிது குறைவாகவே பலன் தரும். தேவையைக் கடந்தபின் பலன் நின்று தீங்கு தொடங்கும். ஆகவே மிகுதியாக விழுந்த பட்டையில் கிடைக்கும் சிறு ஆதாயம், குறைவாக விழுந்த பட்டையில் நேரும் பெரு நட்டத்தை ஈடு செய்யாது.

நெற்பயிரில் தழைச்சத்து மிகுந்த இடம் தழைத்துக் கொழுத்து மென்மையாகும். அங்கே புகையானும் குலை நோயும் எளிதில் பற்றும். கதிர் முற்றும் காலத்தில் காற்றடித்தால் முதலில் சாய்வதும் அவ்விடமே. சத்துக் குறைந்த இடம் தூர் கட்டாமல் நிற்கும். பட்டைக்குப் பட்டை முதிர்ச்சி மாறுபடுவதால் அறுவடை நாளைக் குறிப்பதும் கடினமாகும்.

பருத்தியில் இதன் விளைவு தறி வரை செல்கிறது. தழைச்சத்து மிகுந்த செடி இலையும் கிளையுமாகப் படர்ந்து, காய் முதிர்வதைத் தாமதப்படுத்தும். முதிராத காயின் பஞ்சில் இழைச் சுவர் மெலிந்திருக்கும். அத்தகைய இழைகள் நூற்பில் சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டுகொள்ளும்; சாயத் தொட்டியில் மற்ற இழைகளைப்போல் சாயம் ஏற்கா. துணியில் வெளிறிய புள்ளிகளைக் கண்டு சாயக்காரரை நொந்துகொள்ளும் நெசவாளர், சில வேளைகளில் அப்புள்ளியின் பிறப்பிடம் பருத்திக் காட்டில் இருப்பதை அறியார். பயிரிடுவோருக்கும் நெய்வோருக்கும் இவ்விதழ் பொதுவாக இருப்பது போலவே இப்பாடமும் இரு சாராருக்கும் பொதுவானது.

வீணாகும் தழைச்சத்து வீணாக மட்டும் போவதில்லை. மணற்பாங்கான நிலங்களில் பயிர் உண்ணாத பங்கு நைட்ரேட்டாக மாறி, பாசன நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வயலில் மிகுந்தது நம் வீட்டுக் குடத்திலும் வந்து சேரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

முதற் கணக்கு: சத்தும் சரக்கும்

தென்னாட்டில் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தார் 1906-ஆம் ஆண்டில் சூப்பர் பாஸ்பேட் உற்பத்தியைத் தொடங்கினர். அன்று முதல் ரசாயன உரம் நம்மிடையே பழகிவந்த போதிலும், மூட்டைக் கணக்காகவே உரத்தைப் பேசும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. "ஏக்கருக்கு ஒரு மூட்டை" என்னும் சொல் இன்று பிழையானது. யூரியா மூட்டை முன்னர் 50 கிலோவாக இருந்தது. 2018-இல் 45 கிலோவாக மாற்றப்பட்டது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது. புதிய மூட்டையில் 20 கிலோ 700 கிராமே உள்ளது. 2023-இல் அறிமுகமான கந்தகம் பூசிய யூரியாவிலோ தழைச்சத்து நூற்றுக்கு 37 பங்குதான். மூட்டையை எண்ணாமல் சத்தை எண்ணுவதே முறை.

சத்தைச் சரக்காக மாற்றும் விதி எளிது: தேவையான சத்தை 100-ஆல் பெருக்கி, உரத்திலுள்ள சத்தின் விழுக்காட்டால் வகுக்க வேண்டும்.

மண் பரிசோதனை அட்டையின்படி ஒருவர் நெல்லுக்கு ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்தும் 16 கிலோ மணிச்சத்தும் இடவேண்டும் என்று கொள்வோம். தழைச்சத்தை நான்கு சம தவணைகளாக இட்டால் ஒரு தவணைக்கு 12 கிலோ. 12-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால் 26 கிலோ யூரியா என வரும்.

அடியுரமாக டி.ஏ.பி. இடுவோர் இன்னொன்றையும் கணக்கிற் கொள்ளவேண்டும். டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 பங்கு. தழைச்சத்து 18 பங்கு. 16 கிலோ மணிச்சத்துக்கு ஏறத்தாழ 35 கிலோ டி.ஏ.பி. வேண்டும். அதனோடு 6 கிலோ 300 கிராம் தழைச்சத்தும் வயலுக்கு வந்துவிடுகிறது. முதல் தவணைக்குரிய 12 கிலோவில் எஞ்சியது 5 கிலோ 700 கிராம் மட்டுமே. அதற்கு 12½ கிலோ யூரியா போதும். இதைக் கழிக்காமல் 26 கிலோவையும் இட்டவர், அடியுரத் தவணையிலேயே ஒன்றரைப் பங்குக்கு மேல் தழைச்சத்தை இட்டுவிடுகிறார்.

அடுத்தது நிலத்தின் அளவு. பட்டாவிலுள்ள பரப்பில் வரப்பும் வாய்க்காலும் அடங்கியிருக்கும். பயிர் நிற்கும் பரப்பையே நாம் கொள்ளவேண்டும். ஓர் ஏக்கர் 100 சென்ட். அதாவது 43,560 சதுர அடி, அல்லது 4,047 சதுர மீட்டர். ஒரு சென்ட் ஏறத்தாழ 21 அடிச் சதுரம். தஞ்சைப் பகுதியில் மா என்று வழங்குவது ஏறத்தாழ 33 சென்ட். ஏக்கருக்கு 26 கிலோ எனில் சென்ட்டுக்கு 260 கிராம். மாவுக்கு ஏறத்தாழ 8 கிலோ 600 கிராம். இந்த 260 கிராம் என்னும் எண்ணை நினைவில் நிறுத்துவோம்; இனிவரும் கணக்குகள் யாவும் இதன்மேல் அமையும்.

பொறியின் எண் கிலோ அன்று

தூவும் பொறியில் உரம் நிறைக்கும் பெட்டி, அதன் அடியில் திறந்து மூடும் வாய்த் தகடு, தகட்டின் வழியே விழும் குருணையை வீசும் சுழல் தட்டு ஆகியவை உள்ளன. சுழல் தட்டு இல்லாமல், பெட்டியின் அகலத்துக்கு நேர்கீழே குருணையைச் சொரியும் தள்ளுவண்டிகளும் உண்டு. வாய்த் தகட்டின் ஓரத்தில் 1, 2, 3 என எண்கள் பொறித்திருக்கும். இவ்வெண்கள் திறப்பின் அளவைக் குறிப்பனவேயன்றி உரத்தின் எடையைக் குறிப்பன அல்ல.

அமெரிக்க நாட்டில் வீட்டுப் புல்வெளிகளுக்கு உரமிடும் தள்ளுவண்டிகள் ஏராளம். அங்கே விற்கும் உரப் பைகள் பலவற்றின் மேல், இன்ன வண்டிக்கு இன்ன எண் என்று அச்சிட்டிருப்பர். அங்குங்கூட அவ்வெண்ணைத் தொடக்கமாக மட்டுமே கொண்டு, அளந்த நிலத்தில் சோதித்த பின்னரே தூவவேண்டும் என்று விரிவாக்கப் பணியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். காரணங்கள் மூன்று.

முதலாவது, உரத்துக்கு உரம் குருணை மாறுபடும். யூரியா எடை குறைந்தது. அதே கொள்ளளவுள்ள டி.ஏ.பி. அதைவிட எடை மிக்கது. பருமனான குருணை தொலைவில் விழும். பொடி அருகிலேயே விழும். ஈரக் காற்றுள்ள காலையில் யூரியா நீரை உறிஞ்சிப் பிசுபிசுத்து, வாயில் தங்கித் தங்கி விழும்.

இரண்டாவது, நடைக்கு நடை வேகம் மாறுபடும். வாய்த் தகட்டின் வழியே உரம் நிமிடக் கணக்கில் விழுகிறது. ஒரே திறப்பில், விரைந்து நடப்பவர் அடிக்கு அடி குறைவாகவும், மெல்ல நடப்பவர் மிகுதியாகவும் தூவுவர். வேகம் இரட்டித்தால் உரம் பாதியாகும். களத்து மேட்டில் நடக்கும் நடை வேறு. உளையில் கால் புதைய நடக்கும் நடை வேறு.

மூன்றாவது, பொறி தேயும். தகடு துருப்பிடித்து அரிக்கப்பட்டால், சென்ற ஆண்டு 3-ஆம் எண்ணில் விழுந்த அளவு இவ்வாண்டு விழாது.

நெசவாளருக்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை. 840 கெசம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். கட்டின்மேல் ஒட்டிய சீட்டு 40 என்று கூறினும், ஐயம் வந்தால் அறிந்த நீளத்தை நிறுத்துப் பார்த்தே நம்பரை அவர் உறுதி செய்வார். உரப் பொறிக்கும் முறை அதுவே: அறிந்த பரப்பில், அல்லது அறிந்த நேரத்தில், விழுந்ததை நிறுத்துப் பார்ப்பது.

சோதனையின் நான்கு படிகள்

தேவையானவை: ஒரு தராசு, அளவு நாடா, கைக்கடிகாரம், ஒரே அளவுள்ள ஏழெட்டுத் தட்டுகள், ஒரு சாக்கு. இரண்டு ஆட்கள் போதும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதற் படி, வீச்சு அகலம் காணல். காற்றில்லாத நேரத்தில் களத்திலோ தரிசிலோ தட்டுகளை நடைபாதைக்குக் குறுக்கே ஒரே வரிசையில் மீட்டருக்கு ஒன்றாக வைக்கவேண்டும். குருணை தெறித்து வெளியே விழாதபடி தட்டினுள் பழந்துணியைப் பரப்புதல் நலம். வரிசையின் நடுவே மும்முறை தூவிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு தட்டில் விழுந்ததையும் தனித்தனியே அளக்கவேண்டும். சுழல் தட்டுப் பொறி நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் வீசுவது இயல்பு. நடுத்தட்டில் விழுந்ததில் பாதியளவு எந்தத் தொலைவில் விழுகிறதோ, அத்தொலைவின் இரு மடங்கே பயன்படும் அகலம். குருணை இருபுறமும் மூன்று மீட்டர் வரை பறந்தாலும், பாதியளவு விழுவது இரண்டு மீட்டரில் எனின், பயன்படும் அகலம் 4 மீட்டர். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையே 4 மீட்டர் விட்டு நடந்தால், ஓரத்தில் விழும் பாதியும் அடுத்த நடையின் பாதியும் கூடி முழுமையாகும். ஒரு பக்கம் மிகுதியாகவும் மறு பக்கம் குறைவாகவும் விழுந்தால், பொறி சாய்ந்திருக்கிறதா, சுழல் தட்டில் உரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாம் படி, நடை வேகம் காணல். இதை உரமிடப்போகும் வயலிலேயே, உரமிடப்போகும் ஆளையே நடக்கவிட்டுப் பார்க்கவேண்டும். பெட்டியில் பாதியளவு சுமையும் இருக்கட்டும். 30 மீட்டரை அவர் 45 விநாடியில் கடந்தால் நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகம். அகலம் 4 மீட்டராதலால் நிமிடத்துக்கு 160 சதுர மீட்டர் பரப்பை அவர் தூவுகிறார். ஏக்கர் முழுவதற்கும் ஏறத்தாழ 25 நிமிடமும் கால் நிமிடமும் ஆகும்.

மூன்றாம் படி, திறப்பைப் பொருத்தல். முழு அளவையும் ஒரே திசையில் தூவாமல், பாதியை நீளவாட்டிலும் பாதியைக் குறுக்குவாட்டிலும் தூவுவதே சிறந்தது. பாவில் ஓரிழை நெகிழ்ந்தாலும் ஊடை அதைக் கட்டிப் பிடிப்பதுபோல், முதல் நடையில் விட்டுப்போன இடத்தைக் குறுக்கு நடை நிரப்பும். ஆகவே ஒரு முறைக்கு ஏக்கருக்கு 13 கிலோ. 13 கிலோவை 25¼ நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 515 கிராம் விழவேண்டும். இப்போது சுழல் தட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, கைப்பிடியை வழக்கமான வேகத்தில் இரண்டு நிமிடம் சுழற்றி, விழுந்ததை நிறுக்கவேண்டும். 1,030 கிராம் வந்தால் திறப்பு சரி. 1,400 கிராம் வந்தால் தகட்டைக் குறுக்கி மீண்டும் நிறுக்கவேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குள் வேற்றுமை இருந்தால் ஏற்கலாம். ஒரே திறப்பில் மும்முறை நிறுத்து, மூன்றும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமானால் உரத்தில் கட்டி இருக்கிறது அல்லது வாய் அடைபடுகிறது என்று பொருள். அடைபடும் அளவுக்குத் திறப்பைக் குறுக்க நேர்ந்தால், ஒரே திசையில் முழு அளவையும் தூவுவதே தக்கது.

நான்காம் படி, வயலில் மெய்ப்பித்தல். 4 மீட்டர் அகலமும் 50 மீட்டர் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டை சரியாக 5 சென்ட் ஆகும். அதைக் குச்சி நட்டு அளந்துகொண்டு, பெட்டியில் 3 கிலோ யூரியாவை இட்டு, ஒரு முறை தூவி நடக்கவேண்டும். பாதியளவுக்குரிய 650 கிராம் குறைந்து, 2 கிலோ 350 கிராம் மிஞ்சவேண்டும். மிஞ்சியது 2 கிலோ 200 கிராமே எனில் விழுந்தது 800 கிராம். அதே திறப்பில் சென்றால் ஏக்கருக்கு 13 கிலோவுக்குப் பதில் 16 கிலோ விழும். இரு திசையும் சேர்ந்து 6 கிலோ மிகும். முழு வயலையும் தூவி முடித்தபின் அறிவதைவிட, 5 சென்ட்டில் அறிவது மலிவு.

தூவும்போது கவனிக்க வேண்டியவை

வரப்பை ஒட்டி முதலில் ஒரு சுற்று தூவிக்கொண்டு, பிறகு நேர்நடையைத் தொடங்கவேண்டும். நடக்கத் தொடங்கிய பின்னரே வாயைத் திறப்பதும், திரும்புமுன் மூடுவதும் கட்டாயம். நின்ற இடத்தில் திறந்த வாய் நாற்றை எரித்துவிடும். நடைக்கு நடை 4 மீட்டர் தவறாமலிருக்க இரு வரப்பிலும் குச்சிகளை நட்டுக்கொள்ளலாம். வாய்க்கால் ஓரத்திலும் கிணற்று மேட்டிலும் தூவலாகாது.

நெல் வயலில் நீரை வடித்துச் சேறாக வைத்துக்கொண்டு மேலுரம் இட்டு, ஒருநாள் கழித்து நீர் பாய்ச்சுவது வழக்கம். இலைமேல் பனி ஈரம் உலர்ந்த பின்னரே தூவவேண்டும். இல்லையெனில் குருணை இலையில் ஒட்டிக் கருக்கும். மழை திரண்டிருக்கும் நாளில் உரத்தைக் கையிலெடுத்தலே தவறு.

பொறியில்லாதவர்க்கு

கையால் தூவுவோர்க்கும் இதே விதி. பத்துப் பிடி யூரியாவை எடுத்து எடுத்துத் தராசில் இட்டு நிறுக்கவேண்டும். 650 கிராம் நின்றால் ஒரு பிடி 65 கிராம். சென்ட்டுக்கு 260 கிராம் என்பதால் நான்கு பிடி. நீளவாட்டில் இரண்டு, குறுக்குவாட்டில் இரண்டு. இன்னொருவருடைய பிடி 85 கிராம் நிற்கலாம். அவரும் நான்கு பிடியே தூவினால் ஏக்கருக்கு 34 கிலோ ஆகிவிடும். ஆகவே ஒருவர் கையை அளந்து மற்றொருவரைத் தூவவிடலாகாது.

இன்னும் எளிய வழி, வயலைப் பத்துப் பத்துச் சென்ட்டாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 2 கிலோ 600 கிராமைத் தனித்தனியே நிறுத்து வரப்பில் வைத்துக்கொள்வது. ஒரு பாத்தியில் நேர்ந்த பிழை அடுத்த பாத்திக்குச் செல்லாது. அளவு சிறிதாயின் உலர்ந்த மணலைச் சம எடை கலந்து தூவலாம். ஆனால் பொறியில் மணல் கலப்பது கூடாது. அதிர்ச்சியில் மணலும் குருணையும் பிரிந்து, முதலில் ஒன்றும் பிறகு மற்றொன்றுமாக விழும்.

பருத்திக்கு மேலுரத்தை வீசித் தூவுவதைவிட வரிசை ஓரத்தில் இட்டு மண் மூடுவதே தக்கது. 75 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை பிடித்த ஓர் ஏக்கரில் மொத்த வரிசை நீளம் ஏறத்தாழ 5,400 மீட்டர். 26 கிலோவை அந்நீளத்தில் பகிர்ந்தால் பத்து மீட்டருக்கு 48 கிராம். ஒரு மூங்கில் குழலை 48 கிராம் யூரியா கொள்ளுமளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டால், பத்து மீட்டருக்கு ஒரு குழல் என்று எவரும் பிழையின்றி இடலாம்.

பொதுப் பொறியும் பொதுப் பொறுப்பும்

சங்கத்தின் பொறி பலர் கைக்குச் செல்வது. காலையில் ஒருவர் டி.ஏ.பி.க்கு வைத்த திறப்பிலேயே மாலையில் மற்றொருவர் யூரியாவை நிரப்பிச் சென்றால், பொறியின்மேல் குற்றமில்லை. ஆயினும் பயிருக்கு நட்டமுண்டு. உரம் பலருக்குப் பயிர்க்கடனின் ஒரு பகுதியாகவே வந்து சேர்கிறது. அறுவடையில் அடைக்கவேண்டிய கடன், பட்டை பட்டையாக நிற்கும் வயலிலிருந்து அடைபடுவது அரிது. அரை ஏக்கர் நிலமும் ஒரு தறியுமாக வாழும் குடும்பத்துக்கு இந்நட்டம் அடுத்த பாவுக்கு நூல் வாங்கும் பணமாகும்.

ஆதலின் பொறியோடு ஓர் அட்டையைக் கயிற்றில் கட்டிவைத்தல் வேண்டும். உரத்தின் பெயர், திறப்பு எண், வீச்சு அகலம், நிமிடத்துக்கு விழுந்த எடை, சோதித்த தேதி ஆகிய ஐந்தையும் எடுத்துச் சென்றவர் எழுதவேண்டும். அடுத்தவர் அதைத் தொடக்கமாகக் கொண்டு தம் சோதனையை விரைவில் முடித்துக்கொள்வார்; ஆனால் சோதனையை விட்டுவிடலாகாது. திருப்பித் தருமுன் பெட்டியைக் காலி செய்து, நீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, தகட்டுக்கும் அச்சுக்கும் எண்ணெய் இடுவது எடுத்தவர் கடமை. உர உப்பைப்போல் இரும்பை அரிப்பது பிறிதில்லை. தராசு ஒன்றும் பொறியோடு சேர்ந்தே செல்லுமாறு செயலாளர்கள் ஏற்பாடு செய்தல் நலம். தராசில்லாத பொறி பாதிப் பொறியே.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து இடவேண்டும். அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 20.5 பங்கு. 60 சென்ட் வயலுக்கு எவ்வளவு வேண்டும்?

2. வீச்சு அகலம் 5 மீட்டர். 30 மீட்டரைக் கடக்க 36 விநாடி ஆகிறது. ஒரே நடையில் ஏக்கருக்கு 20 கிலோ தூவ, நிமிடத்துக்கு எவ்வளவு விழவேண்டும்?

3. ஒருவரது பத்துப் பிடி 750 கிராம் நிற்கிறது. ஏக்கருக்கு 30 கிலோ இடுவதற்குச் சென்ட்டுக்கு எத்தனை பிடி?

4. நம் சங்கத்துப் பொறியைச் சென்ற பருவத்தில் எடுத்தவர்களுள் எத்தனை பேர் நிறுத்துப் பார்த்த பின் தூவினர்? எஞ்சியவர்களுக்குத் தடையாக இருந்தது யாது?

முதல் மூன்று வினாக்களின் விடை: (1) ஏறத்தாழ 29 கிலோ 300 கிராம். (2) ஏறத்தாழ 1 கிலோ 235 கிராம். (3) நான்கு பிடி.

நான்காம் வினாவின் விடையை உறுப்பினர்களே கூடிக் கண்டு, அடுத்த பருவத்துக்கு முன் ஆவன செய்வார்களென நம்புகிறோம். மேலுரம் இட்டுப் பத்து நாட்கள் கழிந்தபின் அவரவர் வயல் வரப்பில் நின்று பார்க்கட்டும். வயல் முழுதும் ஒரே பச்சையாக நின்றால், சோதனைக்குச் செலவிட்ட ஒரு மணி நேரத்தின் பலன் அதுவேயாகும்.